தடகள வீரரின் மனநிலை பட்டறையில் எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவர், 2 நிமிடத்தை ஒட்டிய நேரம். இப்போது கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்து, பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறார். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஞாயிறு உட்பட வாரம் ஏழு நாளும் பட்டறையில்தான் இருக்கிறார். அப்படியும் கையில் பணம் நிற்கவில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் "ஸ்போர்ட்ஸ்மேன் ஆச்சே, விட்டுடாதீங்க" என்கிறார்கள். விளையாட்டு வீரரின் மனநிலையைத் தொழிலில் உண்மையிலேயே பயன்படுத்த முடியுமா, எப்படி என்பது கேள்வி. கூடவே இன்னொன்று: பெரிய வாடிக்கையாளர் ஒருவர், இன்னொரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின் போட்டால் ஆர்டரை இரட்டிப்பாக்குகிறேன் என்கிறார். கடன் வாங்கி இறங்கலாமா?

நான் முன்பு பல வருடம் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். இப்போது சிறு தொழில்களுக்குக் கணக்கும் விலை நிர்ணயமும் பார்த்துக் கொடுப்பது வேலை. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஏழு நாளும் பட்டறையில் இருப்பதை விளையாட்டுக்காரனின் உழைப்பு என்று நினைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பழைய கோச் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். திங்கள் முதல் ஞாயிறு வரை தினமும் 800 மீட்டரை முழு வேகத்தில் ஓடச் சொல்லும் கோச் யாராவது உண்டா? டிவியில் நாம் பார்ப்பது போட்டி நாளை மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி 100 மீட்டரை ஓடும் அந்த முகம்தான் மனதில் நிற்கிறது. அதையே "வீரரின் மனநிலை" என்று பேச்சாளர்கள் விற்கிறார்கள். ஒரு வீரரின் வருடத்தில் அந்த மாதிரி நாட்கள் மிகக் கொஞ்சம். மீதி நாட்களில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தொழில்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

கென்யாவின் எலியுட் கிப்சோகேயைப் பாருங்கள். 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் முடித்தவர். அது சிறப்பு ஏற்பாட்டில் நடந்த ஓட்டம் என்பதால் உலக சாதனைக் கணக்கில் வராது, ஆனால் 2 மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர். தன் உச்சகாலத்தில் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு மாரத்தான்தான் ஓடினார். மற்ற மாதங்கள் முழுக்கக் காப்டகட் முகாமில் பயிற்சி. அந்தப் பயிற்சியிலும் வேகமான ஓட்டம் வாரத்தில் சில நாள்தான். மீதியெல்லாம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். தினமும் ஓடியதை ஒரு நோட்டில் கையால் எழுதி வைப்பார். முகாமில் கழிவறை கழுவும் முறை வந்தால் அவரும் கழுவுவார்.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். ஏழு நாளும் போட்டிதான். ஆர்டர், டெலிவரி, ஆபரேட்டர் லீவு, பணம் கேட்டு போன். பயிற்சி என்று ஒரு மணி நேரம்கூட இல்லை. உங்களிடம் குறைவது மன உறுதி இல்லை, பயிற்சி நேரம்.

லேத் பட்டறையில் பயிற்சி என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு ஐட்டத்திலிருந்து இன்னொரு ஐட்டத்துக்கு மாறும்போது மெஷின் எவ்வளவு நேரம் நிற்கிறது? பீஸைப் பிடிக்கும் ஜா மாற்றி, டூல் மாற்றி, டூலின் அளவைத் திருத்தும் ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை அளந்து பார்த்து ஓட்டத் தொடங்கும் வரையில் உள்ள நேரத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான பட்டறைகளில் இதை யாரும் அளந்ததே இல்லை. "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்பார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அதில் பாதி நேரம் ஆலன் கீயைத் தேடியதாக இருக்கும்.

கார் பந்தயத்தில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? 2023இல் கத்தார் ஃபார்முலா 1 பந்தயத்தில் மெக்லாரன் அணி நான்கு சக்கரங்களையும் 1.80 நொடியில் மாற்றியது. அந்த அணியில் சக்கரத்தைக் கழற்றுபவர், மாட்டுபவர், நட்டைக் கழற்றும் கன் பிடிப்பவர், ஜாக் போடுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. பந்தயம் இல்லாத நாட்களில் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், வீடியோ எடுத்துப் பார்க்கிறார்கள், மறுபடியும் செய்கிறார்கள். பந்தயக் கார் அளவுக்கு நீங்கள் போக வேண்டாம், நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. 1960களின் இறுதியில் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் டை (தகட்டை வடிவமாக்கும் அச்சு) மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் உட்கார்ந்து பார்த்து, முதலில் அதை ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார். அவர் செய்த முக்கியமான வேலை எளிமையானது. மெஷினை நிறுத்தினால்தான் செய்ய முடியும் என்கிற வேலையையும், மெஷின் ஓடும்போதே செய்து வைத்துவிடக்கூடிய வேலையையும் தனித்தனியாகப் பிரித்தார். அடுத்த டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் மெஷின் நிற்பதற்கு முன்பே பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

இதை உங்கள் பட்டறையில் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு மெஷினில் செட்டிங் மாற்றும் பயிற்சி. போனில் வீடியோ எடுங்கள். ஆபரேட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். குறை சொல்வதற்காக எடுக்கிறீர்கள் என்று அவர் நினைத்துவிட்டால் அதோடு முடிந்தது, அதனால் முதல் வீடியோ நீங்கள் செட்டிங் போடுவதாக இருக்கட்டும்.

இன்னொரு பயிற்சி கொட்டேஷன். போன வருடம் கொடுத்த கொட்டேஷன்களில் பத்தை எடுத்து, உண்மையில் ஆன நேரத்தையும் இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) செலவையும் ரிஜெக்‌ஷனையும் வைத்து மறுபடி விலை போட்டுப் பாருங்கள். நான் கணக்குப் பார்க்கப் போன இடங்களில், வேலை அதிகம் இருந்தும் பணம் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் கிடைத்தது. ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கும் "நல்ல" ஐட்டம் ஒன்று சத்தமில்லாமல் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய விலை, பழைய கூலி, பழைய கரண்ட் பில்லில் போட்டது. யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கிப்சோகே நோட்டு எழுதுவது ஞாபகத்துக்காக அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கத்தான். உங்களுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: ஐட்டம், சொன்ன நேரம், ஆன நேரம், ரிஜெக்ட் எத்தனை. சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து தோல்வியைப் பற்றி. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி. ஆனால் அவர் ஆடிய மொத்தப் புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் இரண்டு புள்ளிக்கு ஒன்றைத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு புள்ளியை இழந்ததும் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும் என்பது அவர் சொல்ல வந்தது. கொட்டேஷன் போகிறது, ஆர்டர் வரவில்லை. அடுத்த கொட்டேஷனைச் சரியாகப் போடுங்கள். இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

ஆனால் அந்த 54 சதவீதத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஃபெடரரின் அந்தச் சின்ன மேன்மை வெற்றியாக மாறியதற்குக் காரணம், ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்ததுதான். ஒரே ஒரு புள்ளியில் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள் என்றால், 54 சதவீதக்காரர் ஏறக்குறைய பூவா தலையா போட்டது மாதிரிதான். உங்கள் வருமானத்தில் முக்கால்வாசி ஒரே பம்ப் கம்பெனியிடமிருந்து வருகிறது என்றால் நீங்கள் ஒரு புள்ளி ஆட்டம் ஆடுகிறீர்கள். திறமை எவ்வளவு இருந்தாலும் அங்கே கைகொடுக்காது. அந்தக் கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் மாறினால் போதும். சின்னச் சின்ன ஆர்டர் தரும் பத்து வாடிக்கையாளர்கள் எரிச்சலூட்டுவார்கள்தான், ஆனால் தோல்வியைத் தாங்கும் மனம் என்று சொல்கிறார்களே, அதற்குப் பாதி அடித்தளம் அவர்கள்தான். ஒரு தோல்வியில் கதை முடிந்துவிடாது என்று தெரிந்தவருக்குத்தான் அமைதியாக இருக்க முடியும்.

தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடத்தில் 37 மடங்கு ஆகிவிடலாம் என்ற கணக்கு உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். கணக்கு சரி, உலகம் அப்படி இல்லை. உங்களையே வைத்துப் பாருங்கள். 2 நிமிடத்தில் 800 ஓடியவர், தினமும் வேண்டாம், மாதம் ஒரு சதவீதம் குறைத்தால்கூட ஒரு வருடத்தில் 1 நிமிடம் 46 நொடி. நாட்டின் முதல் வரிசையில் நின்றிருப்பீர்கள்! இந்தச் சிறு முன்னேற்றப் பேச்சுக்கு மூலம் பிரிட்டிஷ் சைக்கிள் அணியும் அதன் தலைவர் டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டும். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் இரண்டிலுமே டிராக் சைக்கிளின் 10 தங்கங்களில் 7ஐ அந்த அணி அள்ளியது. தலையணை முதல் கை கழுவும் முறை வரை கவனித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே, 1997இலிருந்து லாட்டரி வருமானம் அந்த விளையாட்டுக்குள் வரத் தொடங்கியது. முழுநேரப் பயிற்சி, நல்ல சைக்கிள், நல்ல கோச் எல்லாம் முதலில் அமைந்தன. தலையணை கடைசியில் வந்தது. பட்டறையில் விலையே தப்பாகப் போட்டுக்கொண்டு பட்டறையை ஒழுங்காக வைக்கச் சொல்லும் ஃபைவ் எஸ் போர்டு மாட்டுவதில் பயனில்லை.

சரி, தயாரிப்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டிலிருந்து தொழிலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடியது ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் கருத்து.

அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் பிரமாதமாகச் சுட்டும் இறுதியில் ஏழாவது இடம்தான் பிடித்தார். 2008க்குத் தயாரானபோது, பெரிய கூடத்தில் சுடும் உணர்வு பழக வேண்டும் என்று ஒரு கல்யாண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தார். பெய்ஜிங் இறுதியில் கடைசிக் குண்டு 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அதே பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கண்ணே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்திச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 நொடி, உலக சாதனை. அது அதிசயம் இல்லை. அவருடைய கோச் பாப் போமன் முன்பொரு போட்டியில் வேண்டுமென்றே அவர் கண்ணாடியை மிதித்து விரிசல் விட வைத்தவர். தவறு நடக்கும் என்பதையும் சேர்த்தே பழக்கியிருந்தார்கள்.

நம் ஊர்க்காரர் கதை இன்னும் பொருத்தம். 2010 ஏப்ரலில் சோஃபியாவில் டோபலோவுடன் உலக சதுரங்கப் பட்டத்துக்கு ஆட வேண்டிய விஸ்வநாதன் ஆனந்த், ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய் ஃபிராங்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. வண்டி பிடித்து ஏறக்குறைய 40 மணி நேரம் சாலையில் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்றார். அடுத்த ஆட்டத்தில் வென்றார். கடைசி, 12ஆவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். முதல் தோல்விக்கு மறுநாளே எழுந்து நிற்க முடிந்ததற்கு அவருடைய மனம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. காசிம்ஜானோவ், நீல்சன், வோய்டாஷெக், கங்குலி என்று ஒரு குழு மாதக்கணக்கில் தயாரித்து வைத்த திறப்பு வரிசைகள் பையில் இருந்தன. மனம் சோர்ந்திருக்கும் நாளில் கைகொடுக்க முன்பே செய்து வைத்த வேலை வேண்டும்.

உங்கள் எரிமலைகள் எவை என்று எனக்கே தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆபரேட்டர் திரும்பி வராமல் இருப்பது. மெஷினின் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) பேரிங் போவது. 45 நாள் பேமென்ட் 90 நாளாக ஆவது. ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருவது. இவற்றில் ஒன்றுகூடப் புதிது இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக நடந்தது மாதிரி ஓடுகிறோம். மாதம் ஒன்றை எடுத்து, இது நாளைக்கு நடந்தால் காலை ஒன்பது மணிக்கு யாருக்குப் போன் செய்வேன், என்ன சொல்வேன், எத்தனை நாள் சம்பளம் கையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஆபரேட்டர் விஷயத்துக்கு எழுதினால் போதாது, செய்து பார்க்க வேண்டும். முக்கியமான ஆபரேட்டரை ஒரு நாள் வேறு மெஷினுக்கு அனுப்பிவிட்டு அவர் வேலையை இன்னொருவரை வைத்து ஓட்டிப் பாருங்கள். அன்று உற்பத்தி குறையும், குறையட்டும். பேமென்ட் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: உத்யம் என்ற அரசுப் பதிவு இருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாமதித்தால், கொடுத்த பிறகுதான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதியும் இப்போது வந்துவிட்டது. கேஸ் போடச் சொல்லவில்லை. பேசும்போது இது தெரிந்திருந்தால் குரல் வேறு மாதிரி இருக்கும்.

ஓய்வைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஓடியவருக்கே தெரியும். பயிற்சியில் உடம்பு களைக்கிறது, ஓய்வில்தான் அது முன்னைவிடப் பலமாகிறது. பெரிய போட்டிக்கு முன் சில நாள் பயிற்சியைக் குறைப்போமே, அது சோம்பல் இல்லை. பம்ப் தொழிலுக்கும் சீசன் இருக்கிறது. கோடை நெருங்கும்போது ஆர்டர் குவியும், மழை பிடித்துவிட்டால் தொய்யும். அந்தத் தொய்வில் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மெஷின் பராமரிப்பு, புது வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது, ஆட்களுக்குப் பயிற்சி, நீங்கள் குடும்பத்தோடு நாலு நாள் எங்கேயாவது போவது எல்லாமே அந்த மாதங்களுக்கு உரியவை. ஞாயிறு பட்டறையை மூடுங்கள். ஏழாவது நாளில் வரும் ரிஜெக்‌ஷனைத் தனியாக எழுதிப் பாருங்கள், நீங்களே மூடிவிடுவீர்கள்.

கோச் வேண்டுமா? வேண்டும். அவர் லேத் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷாவின் கோச் யார்? கோல்ம் ஓ'கானல். அயர்லாந்திலிருந்து 1976இல் கென்யாவின் இடென் ஊருக்குப் புவியியல் பாடம் நடத்த வந்த மதகுரு சபைச் சகோதரர். வரும்போது தடகளம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 2024இல் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சதுரங்கச் சாம்பியன் ஆன குகேஷுக்குக் காய் நகர்த்தலில் உதவ கஜெவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு இருந்தது. மனப்பயிற்சிக்கு வந்தவர் பேடி அப்டன், கிரிக்கெட்காரர்! உங்களுக்கு வேண்டியது மாதம் ஒருமுறை அந்த நோட்டையும் வங்கிக் கணக்கையும் பார்த்துவிட்டு, "இதை ஏன் இன்னும் செய்துகொண்டிருக்கிறீர்கள்" என்று கேட்கக்கூடிய ஒருவர். மச்சானாக இருக்க வேண்டாம். கடன் கொடுத்தவராகவும் இருக்க வேண்டாம்.

இப்போது இரண்டு வீரர்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மெஷின் கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது.

ஜூனியர் பிரிட்ஜ்மன் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து வீரர். மில்வாக்கி பக்ஸ் அணியில் பத்து சீசன் ஆடினார், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இறங்குவார். பெரிய நட்சத்திரம் இல்லை. அவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சம் டாலர்தான். ஆட்டம் இல்லாத மாதங்களில் அவர் வெண்டீஸ் பர்கர் கடையில் போய் வேலை கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்றதும் சில கடைகளை வாங்கினார். மெல்ல மெல்ல அது 160க்கும் மேற்பட்ட வெண்டீஸ், 100க்கும் மேற்பட்ட சில்லீஸ் உணவகங்கள் என்று வளர்ந்தது. பிறகு பெரும்பகுதியை விற்றுவிட்டுக் கோகோ கோலா பாட்டிலிங் தொழிலுக்குப் போனார். 2025இல் காலமானபோது, விளையாட்டு வீரராக இருந்து பெரும் செல்வந்தர் ஆனவர்களின் வரிசையில் முன்னால் இருந்தார்.

கர்ட் ஷில்லிங் இதற்கு நேர் எதிர். பேஸ்பாலில் பெரும் புகழ் பெற்ற பந்து வீச்சாளர். 2004இல் கணுக்காலில் தையல் போட்டு, காலுறையில் ரத்தம் ஊறிய நிலையிலும் பாஸ்டன் அணிக்காக வீசியவர். விடாமுயற்சிக்கு அதைவிடப் பெரிய சான்று யாராவது காட்ட முடியுமா? 2006இல் அவர் ஒரு வீடியோ கேம் நிறுவனம் தொடங்கினார், பெயர் 38 ஸ்டுடியோஸ், அவருடைய ஜெர்சி எண். அதுவரை அவர் கேம் ஆடியவர்தான், செய்தவர் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஆன்லைனில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் பிரமாண்டமான ஆட்டத்தில் கை வைத்தார். ரோட் ஐலண்ட் மாநிலம் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2012 மே மாதம் ஊழியர்களுக்குச் சம்பளம் போடப் பணம் இல்லை. ஏறக்குறைய 400 பேர் வேலை இழந்தார்கள், மருத்துவக் காப்பீடும் போனது. ஜூனில் திவால். ஷில்லிங் தன் சொந்தப் பணத்திலேயே சுமார் 5 கோடி டாலர் போனதாகச் சொன்னார்.

இருவரில் மன உறுதி யாருக்கு அதிகம் என்று கேட்டால் நான் ஷில்லிங் என்றுதான் சொல்வேன். பிரிட்ஜ்மனிடம் இருந்தது வேறு. என்பிஏ வீரர் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் நின்று ஒரு பர்கரில் எவ்வளவு மிஞ்சும் என்று கற்றுக்கொள்ளும் மனம். புது இடத்தில் கத்துக்குட்டியாக நிற்கக் கூச்சப்படாதவர். முதலில் சில கடை, அது நின்ற பிறகு அடுத்தது. ஷில்லிங் நேராக இறுதிப் போட்டிக்குப் போனார்.

"விட்டுடாதீங்க" என்பதில் இருக்கும் ஆபத்தும் இங்கேதான். 800 மீட்டர் 800 மீட்டரில் முடிந்துவிடும். எவ்வளவு வலித்தாலும் இன்னும் ஒரு சுற்றுதான் என்று தெரியும். தொழிலில் அந்தக் கோடு இல்லை. நஷ்டம் வரும் வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வருடம் செய்ய முடியும், யாரும் விசில் அடித்து நிறுத்த மாட்டார்கள். உண்மையில் பெரிய ஓட்டக்காரர்களும் விடுகிறார்கள். பவுலா ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 36ஆவது கிலோமீட்டர் அருகே நின்றுவிட்டார். அழுதுகொண்டு சாலையோரம் உட்கார்ந்த அந்தப் படத்தை வைத்து பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன. அதே நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். அன்று கடைசி வரை இழுத்திருந்தால் நவம்பரில் ஓடியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இன்னும் இரண்டு இடங்களில் இந்த ஒப்பீடு உடையும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆறு பேர் உங்கள் அணி இல்லை, சம்பளத்துக்கு வந்தவர்கள். பதக்கம் உங்களுக்கு, காயம் அவர்களுக்கு என்றால் ஓடமாட்டார்கள். ஓவர்டைம் பணத்தைச் சரியாகக் கொடுங்கள், வீரவசனம் வேண்டாம். அப்புறம், பக்கத்துப் பட்டறைக்காரர் எதிரணி இல்லை. கோவையில் பாதிப் பட்டறைகள் ஒன்றுக்கொன்று வேலை மாற்றிக்கொடுத்துத்தான் பிழைக்கின்றன. உங்கள் ஸ்பிண்டில் போன அன்று உங்கள் லாட்டை ஓட்டித் தரப்போவது அவர்தான்.

சரி, மெஷின். ருடிஷாவின் அந்த உலக சாதனை ஓட்டத்தில் முதல் சுற்று 49.28 நொடி, இரண்டாவது 51.63. உலகின் மிகச் சிறந்த 800 ஓட்டமே இரண்டாம் சுற்றில் வேகம் குறைந்துதான் முடிந்தது. கடைசியில் எல்லோரும் தளர்வார்கள், குறைவாகத் தளர்பவர் ஜெயிப்பார், நீங்களே எத்தனையோ முறை அனுபவித்தது. ஆர்டர் இரட்டிப்பாவது முதல் 400 மீட்டர் மாதிரி சுகமாக இருக்கும். மெட்டீரியல் அந்தக் கம்பெனியுடையது என்றாலும் தவணை, ஆபரேட்டர் கூலி, கரண்ட், இன்செர்ட் எல்லாம் முதல் மாதமே உங்கள் பையிலிருந்து போகும். பணம் மூன்றாவது மாதம் வரும். 600ஆவது மீட்டரில் கால் கல்லாகும் இடம் அது.

கணக்கை இப்படிப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். தவணை 60,000, இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர் செலவில் புதிதாகச் சேர்வது 25,000, கரண்டும் டூலும் 20,000. மாதம் 1,05,000. மணிக்கு 300 ரூபாய் கிடைக்கும் என்றால் மெஷின் மாதம் 350 மணி நேரம் ஓடினால்தான் கைக்கும் வாய்க்கும் சரி. 200 மணி நேரம்தான் ஓடியது என்றால் மாதம் 45,000 உங்கள் பழைய மெஷின்கள் சம்பாதித்துக் கட்ட வேண்டும். இப்போது இருக்கும் மெஷின்கள் செட்டிங் நேரத்தில் எவ்வளவு மணி நேரம் நிற்கின்றன என்பதையும் அளந்துவிட்டால், அந்தப் புது மெஷினில் பாதி ஏற்கெனவே பட்டறைக்குள்ளேயே இருக்கலாம்.

அதனால் நான் சொல்வது: இரண்டு மாதம் செட்டிங் பயிற்சியை நடத்துங்கள். கூடுதல் ஆர்டரின் ஒரு பகுதியை அந்தக் கம்பெனியிடம் இப்போதே கேட்டு, பக்கத்துப் பட்டறையில் மெஷின் நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். லாபம் குறையும், ஆனால் ஆர்டர் உண்மையா, பேமென்ட் எத்தனை நாளில் வருகிறது என்பது தெரிந்துவிடும். வாய்வார்த்தை வேண்டாம், ஆறு மாதத்துக்காவது எவ்வளவு எண்ணிக்கை என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில். எழுதிக் கொடுத்தார்கள், வாடகை மெஷினில் மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது, பணமும் 60 நாளுக்குள் வந்தது என்றால் கடன் வாங்குங்கள். வாங்கும் அன்றே, தொடர்ந்து எத்தனை மாதம் 350 மணி நேரத்துக்குக் கீழே போனால் மெஷினை விற்பேன் என்று ஒரு எண்ணை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மாதாமாதம் கணக்குப் பார்க்க வருபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.